கூடாரம் போடும் மணல்திட்டை யார் கட்டியது?

பள்ளி விடுமுறை வந்துவிட்டால் பல வீடுகளில் பேச்சு நீர்வீழ்ச்சிக்குத் திரும்பிவிடும். ரவாங் அருகில் ஏழு அடுக்குகளாக இறங்கும் காஞ்சிங், நெடுஞ்சாலையில் காரில் போகும்போதே மலையில் வெள்ளைக் கோடாகத் தெரியும் லாத்தா கிஞ்சாங், தாப்பாவிலிருந்து கேமரன் மலைக்கு ஏறும் வழியில் இருக்கும் லாத்தா இஸ்கண்டார் என்று ஆளுக்கொன்றைச் சொல்வார்கள். மலையேற்றத்தில் ஆர்வம் உள்ளவர்கள் கிளந்தானின் டாபோங் வரை போய், குனோங் ஸ்தோங் மாநிலப் பூங்காவில் ஜெலாவாங் நீர்வீழ்ச்சியின் தலைப்பக்கத்தில் முகாமிட்டு, விடியற்காலை மேகக்கடலைப் பார்த்துவிட்டு வருவார்கள்.

(தாமான் நெகாரா என்றால் தேசியப் பூங்கா, தாமான் நெகிரி என்றால் மாநிலப் பூங்கா. பேராக்கில் உள்ள ரோயல் பெலும் பூங்காவும் ஸ்தோங் பூங்காவும் இரண்டாவது வகை. இரண்டு எழுத்தில் மாறிப் போகிற பெயர் என்பதால் பலர் இரண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள்.)

இந்த இடங்கள் எல்லாவற்றிலும் பொதுவாக ஒரு காட்சி உண்டு. அருவி விழும் இடத்தில் ஆழமான தடாகம். அதைச் சுற்றி வழுவழுப்பான உருண்டைப் பாறைகள். சற்றுக் கீழே, ஓடையின் ஓரத்தில், பாய் விரித்தது போல் சமதளமாக ஒரு மணல்திட்டு. கூடாரம் போட, சமைக்க, விளையாட இதைவிட நல்ல இடம் கிடைக்காது என்று தோன்றும்.

அங்கே நின்று ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். செங்குத்தான மலைக்காட்டில், எங்கும் கல்லும் வேருமாக இருக்கும்போது, இந்த ஒரு துண்டு நிலம் மட்டும் எப்படிச் சமமானது? இந்த மணலை யார் கொண்டுவந்து கொட்டினார்கள்?

மிளகும் தேங்காயும்

கணுக்கால் அளவில் சலசலத்து ஓடும் ஓடைதான் அந்த வேலையைச் செய்தது என்று நினைப்போம். கணக்குப் போட்டால் அது பொருந்தாது.

ஓடும் நீர் ஒரு கல்லின் மேல் கொடுக்கும் விசை, நீரின் வேகத்தின் வர்க்கத்தையும் கல்லின் முகப்பரப்பையும் பொறுத்தது. கல்லின் விட்டத்தை வி என்று வைத்துக்கொண்டால், முகப்பரப்பு வி² அளவில் கூடும். ஆனால் கல்லின் எடை வி³ அளவில் கூடும். விசை எடையைச் சமாளிக்கும்போதுதான் கல் நகரும். இரண்டையும் சமன் செய்து பாருங்கள்: நகரக்கூடிய கல்லின் விட்டம் வேகத்தின் வர்க்கத்துக்கு நேர்விகிதம் என்று வரும். எடை விட்டத்தின் கனத்தைப் பொறுத்தது அல்லவா? ஆக, நீர் நகர்த்தக்கூடிய கல்லின் எடை, வேகத்தின் ஆறாம் அடுக்குக்கு நேர்விகிதம்.

ஆறாம் அடுக்கு என்பதைக் காதில் வாங்கிக்கொண்டு கடந்துவிடாதீர்கள். வேகம் 2 மடங்கானால் நகரும் கல்லின் எடை 64 மடங்கு. சாதாரண நாளில் ஓடையின் வேகம் நொடிக்கு அரை மீட்டர் என்று வைப்போம். அது மிளகு அளவுள்ள கல்லை, அதாவது சுமார் 0.1 கிராம் எடையுள்ளதை, உருட்டும். பெருமழைக்குப் பிறகு வேகம் நொடிக்கு 3 மீட்டர் ஆகிறது. 6 மடங்கு வேகம். 6⁶ என்பது 46,656. இப்போது அதே ஓடை சுமார் 4.7 கிலோ எடையுள்ள கல்லை உருட்டும். அது ஏறக்குறைய தேங்காய் அளவுப் பாறைத் துண்டு.

இது தோராயக் கணக்குதான். கல்லின் வடிவம், படுகையின் சரிவு, அக்கம்பக்கத்துக் கற்கள் எல்லாம் விடையை மாற்றும். ஆனாலும் விஷயம் விளங்கும். ஓடை ஆண்டு முழுவதும் ஓடினாலும், பெரிய கற்களை உருட்டுவதும் தடாகத்தைக் குடைவதும் பெரும்பாலும் சில மணி நேர வெள்ளத்தில்தான் நடக்கின்றன. வெள்ளம் வடியும்போது வேகம் குறைகிறது. முதலில் பெரிய கற்கள் நின்றுவிடும், பிறகு சரளை, கடைசியில் மணல். நீர் மெதுவாகச் சுழலும் ஓரங்களிலும் வளைவின் உட்புறத்திலும் மணல் படியும்.

நாம் கூடாரம் போட விரும்பும் அந்தத் திட்டு இப்படிப் படிந்ததுதான். அது ஓடைக்குப் பக்கத்து நிலம் அன்று, ஓடையின் படுகையிலேயே ஒரு பகுதி. ஆண்டில் சில நாள் மட்டும் தண்ணீர் அதைப் பயன்படுத்துகிறது.

இங்கே வெயில், அங்கே மழை

மலாய்க்காரர்கள் இந்தத் திடீர் வெள்ளத்தை கெப்பாலா ஆயிர் என்பார்கள். தண்ணீரின் தலை என்று பொருள். நம்மவர்களும் அப்படியே சொல்லிப் பழகிவிட்டோம். நல்ல பெயர், ஆனால் ஒரு தவறான படத்தை மனத்தில் வரைந்துவிடுகிறது. சுவர் போல எழுந்து உறுமிக்கொண்டு வரும் அலையைத்தான் பலர் கற்பனை செய்கிறார்கள். சில சமயம் அப்படியும் வரும். பெரும்பாலும் அது பத்து, பதினைந்து நிமிடங்களில் கணுக்காலிலிருந்து இடுப்புக்கு ஏறிவிடும் தண்ணீர். சுவரை எதிர்பார்த்துக் காத்திருப்பவர், ஏறும் தண்ணீரைக் கவனிக்கமாட்டார்.

இது ஏன் முன்னறிவிப்பு இல்லாமல் வருவது போலத் தோன்றுகிறது? நம் நாட்டு இடிமழையின் அளவைப் பாருங்கள். ஓர் இடிமழை மேகம் சில கிலோமீட்டர் அகலம்தான் இருக்கும். மேற்குக் கரையில், பருவக்காற்று மாறும் ஏப்ரல், அக்டோபர் போன்ற மாதங்களில், காலை வெயில் நிலத்தைச் சூடாக்க, ஈரக்காற்று மலைச்சரிவில் ஏறிக் குளிர்ந்து, பிற்பகலில் மழையாகக் கொட்டும். மலைமுகட்டில் மழை கொட்டும்போது, அடிவாரத் தடாகத்தில் வெயில் அடிக்கலாம். தலைக்கு மேல் மரக்கூரை இருப்பதால் முகடு தெரியாது. அருவியின் இரைச்சலில் தூரத்து இடியும் கேட்காது.

எவ்வளவு தண்ணீர் வரும்? ஓடைக்கு நீர் அனுப்பும் மலைப்பகுதியை நீர்ப்பிடிப்புப் பகுதி என்கிறோம். அது 5 சதுர கிலோமீட்டர் என்று வைப்போம். அங்கே ஒரு மணி நேரத்தில் 50 மில்லிமீட்டர் மழை பெய்தால், விழுந்த நீர் 2,50,000 கனமீட்டர். ஒலிம்பிக் நீச்சல் குளம் ஒன்று 2,500 கனமீட்டர் பிடிக்கும் என்றால், 100 குளங்கள். பாதியை மண்ணும் மரமும் பிடித்துக்கொண்டு, மீதி ஒரு மணி நேரத்தில் வடிந்தாலும், நொடிக்கு சுமார் 35 கனமீட்டர் நீர் உங்கள் தடாகத்தைத் தாண்டும். அதாவது நொடிக்கு 35 டன். இத்தனையும் அகலம் குறைந்த ஒரே பள்ளத்தின் வழியாகப் போயாக வேண்டும்.

பாதியை மண் பிடித்துக்கொள்ளும் என்றேன். அதற்கு மண் காய்ந்திருக்க வேண்டும். மூன்று நாள் தொடர்ந்து மழை பெய்திருந்தால் மண்ணின் துளைகளில் ஏற்கெனவே நீர் நிறைந்திருக்கும். அப்போது சிறிய மழையும் பெரிய வெள்ளமாகும். ஜெலாவாங் போன்ற இடங்களில் இன்னொரு காரணமும் உண்டு. மொத்தம் சுமார் 300 மீட்டர் உயரத்துக்கு நீர் வழியும் அந்த இடத்தில் பெரும் பாறைமுகங்கள் மொட்டையாக நிற்கின்றன. பாறை நீரைக் குடிக்காது. விழுந்த மழை அப்படியே வழுக்கிக்கொண்டு இறங்கும்.

சில வேளைகளில் மரமும் சேர்ந்துகொள்ளும். சரிந்த மரங்கள் இரண்டு பாறைகளுக்கு நடுவே சிக்கி, இலையும் சேறும் அடைத்து, தற்காலிக அணை உருவாகும். பின்னால் நீர் தேங்கும். அணை உடையும்போதுதான் அந்த உண்மையான ‘தலை’ வருகிறது. சேறு கலந்த நீரின் அடர்த்தி அதிகம். அதில் பாறை கொஞ்சம் மிதப்புத்தன்மை பெறுவதால், தெளிந்த நீர் நகர்த்த முடியாத பாறையையும் அது தூக்கிச் செல்லும். 2021ஆம் ஆண்டு ஆகஸ்டு 18ஆம் தேதி கெடாவில் ஜெராய் மலையிலிருந்து மரங்களும் பாறைகளும் சேறுமாக இறங்கிய வெள்ளத்தில் யான் வட்டாரத்தில் 6 பேர் உயிரிழந்தனர். 1996ஆம் ஆண்டு ஆகஸ்டு 29ஆம் தேதி கம்பாருக்கு அருகில் போஸ் டிப்பாங் ஒராங் அஸ்லி குடியிருப்பில் இதே போன்ற வெள்ளம் 44 உயிர்களைக் கொண்டுபோனது.

முழங்கால் தண்ணீர் என்று சொல்லாதீர்கள்

“முழங்கால் அளவுதானே, நடந்து கடந்துவிடலாம்” என்று யாராவது சொல்வார்கள். நான்காம் படிவத்து இயற்பியல் போதும், பதில் சொல்ல.

நீரில் மூழ்கிய இரண்டு கால்களின் முகப்பரப்பு சுமார் 0.15 சதுர மீட்டர் என்று வைப்போம். நீர் தரும் விசை, பாதி × அடர்த்தி × பரப்பு × வேகத்தின் வர்க்கம். நொடிக்கு 1 மீட்டர் வேகத்தில் 75 நியூட்டன் வரும். ஒருவர் 7 அல்லது 8 கிலோ எடையைக் கயிற்றில் கட்டி உங்கள் காலைப் பக்கவாட்டில் இழுப்பது போல. சமாளிக்கலாம். வேகம் 2 மீட்டர் ஆனால் 300 நியூட்டன். 3 மீட்டர் ஆனால் 675 நியூட்டன், கிட்டத்தட்ட உங்கள் முழு எடை அளவு. இடுப்பு வரை ஏறிவிட்டால் முகப்பரப்பு இரட்டிப்பாகும், உடல் மிதக்கத் தொடங்குவதால் பாதத்தின் உராய்வும் குறையும். கீழே வழுக்குப் பாறை. கலங்கிய நீரில் எங்கே கால் வைக்கிறோம் என்பதும் தெரியாது. நீச்சல் தெரிந்தவர்களும் இதில் தப்பிக்க முடிவதில்லை, ஏனென்றால் இங்கே நீந்துவதற்கு இடமே இல்லை, மோதுவதற்குத்தான் பாறை இருக்கிறது.

ஓடை எழுதி வைத்திருப்பது

வெள்ளம் தன் உயரத்தைக் குறித்துவைத்துவிட்டுத்தான் போகும். போய் இறங்கியதும் குளிக்கக் குதிக்காமல் ஐந்து நிமிடம் சுற்றிப் பாருங்கள். கரையோரப் புதர்க் கிளைகளில் காய்ந்த இலைக்கொத்து, நார், பிளாஸ்டிக் பை சிக்கியிருக்கிறதா? அது நீர் ஏறிய மட்டம். பாறைகளின் கீழ்ப்பகுதி வெளிறி வழுவழுப்பாகவும், மேலே கருமையாகப் பாசி படிந்தும் இருந்தால், அந்த எல்லைக்கோடும் அதையே சொல்கிறது. மரப்பட்டை ஓடையின் மேல்பக்கம் பார்த்த புறத்தில் மட்டும் உரிந்திருந்தால், உருண்டு வந்த கல்லோ கட்டையோ மோதியிருக்க வாய்ப்பு அதிகம். எனக்கு நீர்வீழ்ச்சியில் மிகவும் பிடித்த விளையாட்டு இதுதான். அந்தக் கோடு உங்கள் தலைக்கு மேலே இருப்பதைப் பார்க்கும்போது ஒரு சிலிர்ப்பு வரும்.

பிறகு தண்ணீரில் இறங்குங்கள், ஆனால் ஒருவர் கரையில் இருந்து கவனிக்கட்டும். ஓரத்தில் ஒரு குச்சியை நட்டு நீர்மட்டத்தை அடையாளம் செய்துகொள்ளலாம். தெளிந்த நீர் பால் கலந்த தேநீர் நிறத்துக்கு மாறுவது முக்கியமான அறிகுறி. (சில காட்டு ஓடைகள் எப்போதுமே வடிகட்டிய தேநீர் போலப் பழுப்பாக இருக்கும். அது அழுகிய இலையிலிருந்து வரும் டானின், கலங்கல் இல்லை. கீழே மணல் தெரிந்தால் கவலை வேண்டாம்.) பச்சை இலைகளும் சுள்ளிகளும் திடீரென அதிகமாக மிதந்து வருவது, அருவியின் ஓசை கனப்பது, குளிர்ந்த காற்று பள்ளத்தாக்கின் வழியே இறங்குவது, மேல்பக்கம் வானம் இருண்டு நிற்பது, இவற்றில் ஒன்று போதும், உடனே வெளியேற. எதிர்மாறாக, நீர் திடீரெனக் குறைந்தாலும் வெளியேறுங்கள். மேலே எங்கோ அது தேங்கிக்கொண்டிருக்கலாம்.

வெளியேறும் திசையும் முக்கியம். ஓடையோடு சேர்ந்து கீழே ஓடினால் வெள்ளத்தோடு பந்தயம் வைப்பதாகும். பக்கவாட்டில், கரை மேலே ஏறுங்கள். பையும் காலணியும் அங்கேயே கிடக்கட்டும். மறுகரையில் மாட்டிக்கொண்டால் அங்கேயே உயரமான இடத்தில் காத்திருங்கள். சிறிய மலை ஓடைகள் ஏறிய வேகத்தில் இல்லாவிட்டாலும், மழை நின்ற சில மணி நேரத்தில் பெரும்பாலும் வடிந்துவிடும். பசியோடு ஓர் இரவு உட்கார்ந்திருப்பவரைத் தேடி மீட்பது எளிது. உதவிக்கு எண் 999.

இரவு தங்குவதாக இருந்தால், பகலில் பார்த்த அந்த மட்டக்கோட்டுக்கு மேலேதான் கூடாரம் போட வேண்டும். மேலே என்றால் எங்கு வேண்டுமானாலும் என்று பொருள் இல்லை. செங்குத்துச் சரிவின் அடியில் படுப்பதில் வேறோர் ஆபத்து இருக்கிறது. 2022ஆம் ஆண்டு டிசம்பர் 16ஆம் தேதி அதிகாலையில் பத்தாங் காலி முகாம் ஒன்றின் மேல் நிலம் சரிந்து, உறங்கிக்கொண்டிருந்தவர்களில் 31 பேர் இறந்தனர். அங்கே உயிர்களைப் பறித்தது ஓடை அன்று, மண். மாநிலப் பூங்காக்களில் முன்கூட்டியே அனுமதி வாங்கச் சொல்வதும், வழிகாட்டியோடு போகச் சொல்வதும், மழை நாளில் பாதையை மூடுவதும் பலருக்கு எரிச்சலாக இருக்கிறது. எந்த ஓடை எத்தனை நிமிடத்தில் ஏறும், எந்தச் சரிவு இளகியது என்பது பல மழைகளைப் பார்த்தவருக்குத்தான் தெரியும். மலேசிய வானிலை ஆய்வுத்துறையின் இடிமழை எச்சரிக்கையையும் கிளம்பும் முன் ஒருமுறை பார்த்துவிடலாம். அதில் உங்கள் தடாகத்தின் பெயர் இருக்காது. வட்டாரத்தின் பெயர் இருக்கும். முகாமிடும் இடத்துக்கு நீர் எந்த மலையிலிருந்து இறங்குகிறது, அந்த மலை எந்த வட்டாரத்தில் நிற்கிறது என்று நிலப்படத்தில் பார்த்துவைத்தால்தான் அந்த எச்சரிக்கை பயன்படும். முகடு மாநில எல்லையில் இருந்தால், பக்கத்து மாநிலத்துக்கு விடுத்த எச்சரிக்கையும் உங்களுக்கானதுதான்.