வாடகை வீட்டுக் கதவில் பெயின்ட் சுரண்டுகிறார்களா? குழந்தை இருக்கும் வீடு என்றால் இதைப் படியுங்கள்!

தை பிறக்கப்போகிறது என்றாலே அருப்புக்கோட்டை, திருச்சுழி பக்கம் வீட்டுக்கு வீடு சுண்ணாம்பு வாசனைதான். சுவருக்குச் சுண்ணாம்பு, கதவு ஜன்னலுக்கு பெயின்ட். வாடகை வீடு என்றால் வீட்டுக்காரர் ஆள் அனுப்புவார். வந்தவர் உப்புத்தாளை எடுத்துப் பழைய பெயின்ட்டைத் தேய்ப்பார். பச்சையும் மஞ்சளுமாகத் தூள் கொட்டும். அந்தத் தூளுக்குப் பக்கத்திலேயே குழந்தை தவழ்ந்துகொண்டிருக்கும்.

அங்கேதான் ஆபத்து. பழைய எனாமல் பெயின்ட்டில் காரீயம் இருக்கலாம்.

ரசம் வைக்கும் ஈயம் வேறு!

'ஈயச் சொம்பில் ரசமே வைக்கிறோமே' என்று தோன்றலாம். அது வெள்ளீயம். இது காரீயம், வேறு உலோகம். நிறம் பளிச்சென்று இருக்கவும், சீக்கிரம் காயவும், இரும்பு துருப்பிடிக்காமல் இருக்கவும் பெயின்ட்டில் சேர்த்தார்கள். மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு, பச்சை போன்ற அடர்நிறங்களில் இது அதிகம் இருக்கும். எனவே, கவனிக்க வேண்டியது கதவு, ஜன்னல், கிரில், கேட் ஆகியவற்றைத்தான்.

நம் பக்கத்து வெயிலில் பெயின்ட் செதில் செதிலாக உரியும். ஜன்னலைத் திறந்து மூடும்போதும் உரசித் தூளாகும். அது தரைக்கு வந்து, குழந்தையின் கைக்குப் போய், வாய்க்குள் போகும். வயிற்றுக்குள் போகும் காரீயத்தைப் பெரியவர்களைவிட குழந்தைகளின் உடல் 4 முதல் 5 மடங்கு அதிகமாக உறிஞ்சும். மூளை வளர்ச்சி, படிப்பு, கவனம் எல்லாமே பாதிக்கப்படலாம். 'இந்த அளவு வரை பரவாயில்லை' என்று சொல்ல ஒரு பாதுகாப்பான அளவே இல்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

சட்டம் என்ன சொல்கிறது?

வீட்டு பெயின்ட்டில் 10 லட்சம் பங்குக்கு 90 பங்குக்கு மேல் காரீயம் இருக்கக் கூடாது என்று மத்திய அரசு 2016-ல் விதி கொண்டுவந்தது. 2017 நவம்பர் 1 முதல் அது அமலில் இருக்கிறது. அதே 2017-ல்தான் பட்டாசிலும் காரீயம் கூடாது என்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. சிவகாசி இருக்கும் மாவட்டம் என்பதால் நம்மில் பலருக்கு அது நினைவிருக்கும்.

ஆனால், பெயின்ட் விதி புது டின்னுக்குத்தான். ஏற்கெனவே கதவில் ஒட்டியிருக்கும் பெயின்ட்டைப் பற்றி அது பேசவில்லை. அமெரிக்காவில் 1978-க்கு முன் கட்டிய வீட்டை வாடகைக்கு விடுபவர், காரீய பெயின்ட் இருப்பது தெரிந்தால் குடிவருபவரிடம் சொல்லியாக வேண்டும். 1992-ல் போட்ட சட்டம் அது. இங்கே அப்படி ஒரு கட்டாயம் இல்லை.

அதே சமயம், தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரியில் அமலுக்கு வந்த வாடகைச் சட்டம், சுவருக்கு வெள்ளையடிப்பதையும் கதவு ஜன்னலுக்கு பெயின்ட் அடிப்பதையும் வீட்டு உரிமையாளரின் வேலைப் பட்டியலில் வைத்திருக்கிறது. அடித்துத் தருபவர் அவர் என்றால், சரியாக அடிக்கச் சொல்லிக் கேட்க வேண்டிய இடமும் அவர்தான்.

வீட்டுக்காரர்கள் கவனத்துக்கு...

* டின்னில் காரீய அளவு 90 பி.பி.எம்-க்குள் என்று அச்சிட்டிருக்கிறதா எனப் பாருங்கள். பரணில் கிடக்கும் பழைய டின் வேண்டாம்.
* தொழிற்சாலைகளுக்கான பெயின்ட்டை வீட்டு கேட்டுக்கு அடிக்காதீர்கள். 90 பி.பி.எம் விதி வீட்டு, அலங்கார பெயின்ட்டுகளுக்கு மட்டும்தான்.
* பழைய பெயின்ட்டை உலர்வாகத் தேய்க்கக் கூடாது, நெருப்பு காட்டியும் எடுக்கக் கூடாது. தண்ணீர் தெளித்து ஈரமாகவே சுரண்டச் சொல்லுங்கள். வேலை செய்பவருக்கு நல்ல மாஸ்க் அவசியம்.

குடியிருப்பவர்களுக்கு...

* வேலை முடியும்வரை குழந்தைகளும் கர்ப்பிணிகளும் வேறு இடத்தில் இருக்கட்டும்.
* தூளைத் துடைப்பத்தால் கூட்டினால் வீடு முழுக்கப் பறக்கும். ஈரத்துணியால் துடையுங்கள். தண்ணீரை அளந்து செலவழிக்கும் ஊர்தான், ஆனால் இதற்கு அரை வாளி போதும்.
* சாப்பிடும் முன் குழந்தையின் கையைக் கழுவுங்கள். கேழ்வரகு, பால், முருங்கைக்கீரை கொடுங்கள். சுண்ணாம்புச்சத்தும் இரும்புச்சத்தும் குறைந்தால் உடல் காரீயத்தை அதிகம் உறிஞ்சும்.
* குழந்தை உரிந்த பெயின்ட்டைத் தின்றிருந்தால் டாக்டரிடம் சொல்லி ரத்தத்தில் காரீய அளவைப் பாருங்கள். டெசிலிட்டருக்கு 5 மைக்ரோகிராம் இருந்தாலே, அது எங்கிருந்து வந்தது என்று தேட வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

எப்படிக் கேட்பது என்று தயங்க வேண்டாம். "அண்ணாச்சி, வீட்ல சின்னப் பிள்ளை இருக்கு. தண்ணி தொட்டுத் தேய்க்கச் சொல்லுங்க" என்றால் போதும். அதற்காக வீட்டுக்காரருக்குக் கூடுதலாகப் பெரிய செலவொன்றும் ஆகிவிடாது.