பாதிரியார் ஜெபித்தார், ஐஸ் காப்பாற்றியது! தெரியுமா?

ஹீட் ஸ்ட்ரோக் வர கத்திரி வெயில் வேண்டியதில்லை, தெரியுமா? அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்துக் கடலோர ஊர் ஃபால்மத். அங்கே ஆகஸ்ட்தோறும் 7 மைல் ஓட்டப்பந்தயம். பந்தய நேரத்து வெப்பம் சராசரியாக 23 டிகிரி செல்சியஸ்தான். நம்மில் பலர் போர்வை தேடும் குளிர்! அப்படியும், 18 ஆண்டுப் பந்தயக் கணக்கில் ஹீட் ஸ்ட்ரோக்கில் சுருண்டவர்கள் 274 பேர்.

இறந்தவர்கள்? ஒருவர்கூட இல்லை!

எப்படி? ஐஸ் மிதக்கும் தண்ணீர்த் தொட்டி, அவ்வளவுதான். விழுந்தவரைக் கழுத்துவரை அதில் அமிழ்த்தி, உடல் வெப்பத்தை 39 டிகிரிக்குக் கீழே இறக்கிவிட்டுத்தான் மறுவேலை. 1978-ல் இதே பந்தயத்தில் ஓடிய ஆல்பெர்ட்டோ சலசார் முடிவுக் கோட்டைத் தாண்டியதும் சரிந்தார். பாதிரியார் வந்து அந்திம ஜெபமே சொல்லிவிட்டார்! ஐஸ் தொட்டி அவரை மீட்டது. இரண்டே ஆண்டில் நியூயார்க் மாரத்தானை வென்றார் மனிதர்!

நெருப்பு எங்கிருந்து வருகிறது? உள்ளேயிருந்துதான்! ஓடும்போது தசைகள் எரிக்கும் சக்தியில் முக்கால் பங்குக்கு மேல் வெறும் சூடாகிறது. அது வெளியேற முடியாமல் உடலின் உள்வெப்பம் 40 டிகிரியைத் தாண்டினால் மூளை தடுமாறும். உளறல், தள்ளாட்டம், காரணமில்லாத கோபம், மயக்கம். 'வியர்க்கிறதே, ஹீட் ஸ்ட்ரோக்காக இருக்காது' என்று நினைத்தீர்களா? ஆபத்து! ஓடி விழுந்தவருக்கு உடம்பெல்லாம் வியர்வை வழிந்துகொண்டிருக்கலாம். நெற்றியில் வைக்கும் தெர்மாமீட்டரும் ஏமாற்றும். ஆசனவாய் வழியே பார்ப்பதே நம்பகமான அளவு. பாராசிட்டமால்? பயனில்லை. இது காய்ச்சலே அல்ல!

இன்னொன்று தெரியுமா? தொட்டி இல்லாவிட்டால் தார்ப்பாய் போதும்! நாலைந்து பேர் விளிம்பைத் தூக்கித் தொட்டில்போலப் பிடிக்க, நடுவில் ஆளைக் கிடத்தி, ஐஸும் தண்ணீரும் கொட்டி அலசுவார்கள். கேட்கச் சிரிப்பாக இருக்கும், ஆனால் வேலை செய்கிறது.

மைதானத்தில் யாராவது இப்படி விழுந்தால் 108-ஐ அழையுங்கள். ஆனால் வண்டிக்காகக் கைகட்டி நிற்காதீர்கள். நினைவு தப்பியவர் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள், உடம்பில் ஊற்றுங்கள்! முதல் அரை மணி நேரத்துக்குள் சூட்டை இறக்கிவிட்டால் பெரும்பாலும் ஆள் பிழைத்துவிடுவார்.