உள்ளங்கையில் ஒரு சரக்கு வண்டி

காட்பாடி, குடியாத்தம், ஆம்பூர், வாணியம்பாடி என்று நம் ஊர்களை மாலையாகக் கோத்திருப்பது இரும்புப் பாதை. தென்னாட்டின் முதல் இரயில் 1856ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள் இராயபுரத்திலிருந்து நம் அண்டை ஊரான வாலாஜா ரோடு வரை ஓடிற்று. அதன்பின் நெடுங்காலம் சரக்கைச் சுமந்தவை நான்கு சக்கர மூடு வேகன்கள். இன்று அவ்விடத்தில் எட்டுச் சக்கர நீண்ட வேகன்களே ஓடுகின்றன. மறைந்துபோன அவ்வண்டிகளை நம் தம்பி தங்கையர் அறியச் செய்ய ஒரு வழி உண்டு. அவற்றைச் சிற்றுருவில் செய்து வைப்பதே அது.

சிற்றுரு வேகனின் பாகங்கள் பிளாஸ்டிக்கில் வார்க்கப்பட்டு, ஒரு பெட்டியில் அடங்கி வரும். முதலில் நாம் அளவை ஆராய வேண்டும். உலகில் பெரிதும் வழங்குவது 'எச்.ஓ.' அளவு, அது அசலில் 87இல் ஒரு பங்கு. அதற்குரிய தண்டவாள இடைவெளி 16.5 மி.மீ. இது மேல்நாட்டு 1435 மி.மீ. பாதையின் குறுக்கம். நம் அகலப் பாதையோ 1676 மி.மீ.; அதை 87ஆல் வகுத்தால் 19 மி.மீ.க்குச் சற்று மேல் வரும். ஆகையால் கடையில் கிடைக்கும் தண்டவாளத்தில் நம் வண்டி சரியாக நிற்க வேண்டுமானால், அதை ஏறக்குறைய நூற்றில் ஒரு பங்காகச் செய்ய வேண்டும். முன்பு காட்பாடியிலிருந்து வேலூர் வழியே விழுப்புரம் சென்ற மீட்டர் பாதையின் வண்டிகளுக்கு, 87இல் ஒரு பங்கு அளவில், 12 மி.மீ. தண்டவாளம் பொருந்தும்.

இனி வேலை முறை. பாகங்களைச் சோப்பு நீரில் கழுவி உலர்த்த வேண்டும். எண்ணெய்ப் பசை இருந்தால் வர்ணம் ஒட்டாது. கூரிய கத்தியால் நறுக்கி, பிசிறுகளை அரத்தால் தேய்க்க வேண்டும். பசை தடவுமுன் பாகங்களைச் சேர்த்துப் பார்ப்பது அவசியம். பக்கச் சுவர்கள் நேர்கோணத்தில் நிற்கின்றனவா என்று மூலைமட்டம் வைத்துச் சோதிக்க வேண்டும். பின்பு வண்டியைக் கண்ணாடித் துண்டின்மேல் நிறுத்தினால், நான்கு சக்கரங்களும் ஒருங்கே படிய வேண்டும். ஒன்று தூக்கி நின்றாலும் வளைவில் தடம் புரளும். எடையும் முக்கியம். 'எச்.ஓ.' அளவில் 5 அங்குல வண்டிக்குச் சுமார் 100 கிராம் தேவை என்பது அமெரிக்கச் சங்கத்தின் கணக்கு. குறையும் எடைக்குச் சிறு இரும்புத் துண்டுகளை உள்ளே ஒட்டலாம். கடைசியாக மங்கிய செம்பழுப்பு வர்ணத்தை மெல்லியதாக இருமுறை பூச வேண்டும்.

பூட்டிய கதவுக்குள் இருக்கும் எடையை யாரும் காண்பதில்லை. ஆயினும் வண்டி தடத்தில் நிற்பது அதனால்தான். தச்சரான புனித சூசையப்பரின் உழைப்பும் அத்தகையதே. கண் காணாத இடத்திலும் செம்மையாகச் செய்வோம். கல்வியிலும் அவ்வாறே நடப்போம்.