பட்டன் ஃபோனுக்கும் எட்டும் வலைத்தளம்

வேர்ட்பிரஸ், ட்ரூபல் என்று ஏதோ ஒன்றில் தளம் நடத்துகிறீர்கள். செய்தியை எழுதி ஒரு பொத்தானை அழுத்தினால் இணையத்தில் வந்துவிடுகிறது. அதே செய்தியை, பட்டன் ஃபோன் மட்டும் வைத்திருக்கும் ஒரு பாட்டி கூப்பிட்டுக் கேட்க முடியுமா? தாராளமாக முடியும். ட்விலியோ போன்ற ஓர் அழைப்புச் சேவையைத் தளத்தோடு இணைத்தால் போதும்.

அந்தச் சேவைக்குச் சுயமாக எதுவும் தெரியாது. இதைப் புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. அதனிடம் ஒரு தொலைபேசி எண் வாங்கி, "இந்த எண்ணுக்கு யாராவது கூப்பிட்டால் இங்கே கேள்" என்று உங்கள் தளத்தின் முகவரி ஒன்றைக் கொடுத்துவைக்கிறீர்கள். இதற்குத்தான் வெப்ஹூக் என்று பெயர். அழைப்பு வந்ததும் சேவை அந்த முகவரிக்கு வந்து, இன்ன எண்ணிலிருந்து கூப்பிடுகிறார்கள், என்ன செய்யட்டும் என்று கேட்கும். தளம் நாலைந்து வரியில் பதில் சொல்லும்: இந்த ஒலிக்கோப்பைப் போடு, பிறகு அவர் எதை அழுத்துகிறார் என்று பார்.

அவர் 5-ஐ அழுத்துகிறார் என்று வையுங்கள். 770 ஹெர்ட்ஸ், 1336 ஹெர்ட்ஸ் என்ற இரண்டு ஒலிகள் ஒன்றாக லைனில் போகும். அந்த ஜோடி 5-க்கு மட்டுமே உரியது. சேவை அதைக் கண்டுகொண்டு, "5" என்று தளத்துக்கு எழுதி அனுப்பும். தளம் தன் தரவுத்தளத்தில் தேடி அடுத்த ஒலிக்கோப்பைக் காட்டும். கேள்வியும் பதிலுமாக முழு அழைப்பும் இப்படித்தான் நகர்கிறது.

இதன் பலனைக் கண்ணால் பார்க்க வேண்டுமானால் சத்தீஸ்கருக்குப் போக வேண்டும். பத்திரிகையாளர் சுப்ரான்ஷு சௌத்ரி 2010-ல் அங்கே சிஜிநெட் ஸ்வரா என்ற சேவையைத் தொடங்கினார். கோண்டி பேசும் பழங்குடி மக்களுக்குத் தங்கள் மொழியில் செய்தி கிடைப்பது அரிதாக இருந்தது, சொல்வதற்கும் இடமில்லை. இந்தச் சேவையில் 1-ஐ அழுத்தினால் சொல்ல வந்ததைப் பதிவு செய்ய முடிந்தது, 2-ஐ அழுத்தினால் மற்றவர்கள் சொன்னதைக் கேட்க முடிந்தது. காசு செலவாகாமல் இருக்க மிஸ்டு கால் கொடுத்தாலே திரும்ப அழைப்பு வந்தது. வராத கூலி, கிடைக்காத ரேஷன் என்று மக்கள் பேசினார்கள். ஆசிரியர் குழு வலைப்பக்கத்தில் அவற்றைக் கேட்டுச் சரிபார்த்து ஒப்புதல் தந்ததும், இணையத்திலும் ஃபோனிலும் வெளியாயின. எழுதப் படிக்கத் தெரியாதவரும் செய்தியாளர் ஆனார். இந்த இணைப்பை மெனக்கெட்டுச் செய்ய வேறு காரணமே தேவையில்லை என்பேன்.

செய்ய இறங்கினால் சில இடங்களில் கவனம் வேண்டும். கணினிக் குரலைவிட மனிதக் குரலில் பதிவு செய்து வையுங்கள். கட்டுரை எழுதும் படிவத்திலேயே ஒலிக்கோப்புக்கும் ஓர் இடம் ஒதுக்கினால் வேலை எளிது. "1-ஐ அழுத்தினால் மழை நிலவரம்" என்று சொல்லாதீர்கள். "மழை நிலவரத்துக்கு 1" என்று சொல்லுங்கள். அழைப்பவர்கள் தங்களுக்கு வேண்டியது காதில் விழுந்த பிறகுதான் எண்ணைக் கவனிப்பார்கள். மூன்று நான்கு தேர்வுகளுக்கு மேல் யாருக்கும் நினைவில் நிற்காது.

தளம் மந்தமாக இருந்தால் வம்பு. ட்விலியோ 15 விநாடிதான் காத்திருக்கும். அதற்குள் பதில் வராவிட்டால், கோளாறு என்று ஆங்கிலத்தில் ஒரு வாக்கியம் சொல்லி லைனைத் துண்டித்துவிடும். பாட்டிக்கு அது என்ன புரியும்? "சற்றுப் பொறுத்துக் கூப்பிடுங்கள்" என்று தமிழில் பதிவு செய்து, மாற்று முகவரியாக முன்கூட்டியே கொடுத்துவையுங்கள். வந்து கேட்பது உண்மையில் அந்தச் சேவைதானா என்று ஒவ்வொரு கோரிக்கையின் கையொப்பத்தையும் தளம் சோதிக்கட்டும். இல்லையென்றால் யார் வேண்டுமானாலும் பொய் அழைப்பை உள்ளே தள்ளலாம். அழைத்தவர்களின் எண்களை எக்காரணம் கொண்டும் பக்கத்தில் வெளியிடாதீர்கள். அதிகாரியைப் பற்றிப் புகார் சொன்னவருக்கு அது ஆபத்து.

எல்லாம் தயாரானதும், ஒரு பட்டன் ஃபோனை எடுத்துக்கொண்டு பேருந்து நிலையத்துக்குப் போய், அந்த இரைச்சலில் நின்று உங்கள் எண்ணுக்கே கூப்பிட்டுப் பாருங்கள். அங்கே புரியாத வாக்கியம் எதுவாக இருந்தாலும் திரும்பப் பதிவு செய்துவிட்டு, பிறகு எண்ணை ஊருக்குச் சொல்லுங்கள்.