போட்டோ சேலஞ்ச்: படத்தோடு சேர்ந்து வேறென்ன அப்லோடு ஆகிறது?

‘இந்த வாரத் தீம்: நீர்’, ‘ஏழு நாள், ஏழு பச்சை’, ‘பயணத்தில் பார்த்த ஒரு பழைய கதவு’ என ஏதாவது ஒரு போட்டோ சேலஞ்ச் சமூக ஊடகங்களில் எப்போதும் ஓடிக்கொண்டே இருக்கிறது. கேலரியில் தூங்கும் டூர் படங்களில் ஒன்றைத் தேடி எடுத்து, ஹேஷ்டேக் போட்டு, போஸ்ட் செய்தால் வேலை முடிந்தது.

ஆனால் அந்த ஒரு கிளிக்கில் படத்தோடு இன்னும் இரண்டு விஷயங்கள் போகின்றன. ஒன்று, படத்தைப் பயன்படுத்தும் உரிமை. இன்னொன்று, படம் எடுத்த இடம். முதலாவது எடுத்தவருக்கு முக்கியம். இரண்டாவது, படத்தில் இருக்கும் உயிருக்கே முக்கியம்.

தீம் எதற்கு?

‘எதையாவது எடு’ என்றால் எல்லோரும் சூரிய அஸ்தமனத்தைத்தான் எடுப்பார்கள். ‘நிழலை எடு’ என்றால் தினமும் நடக்கும் தெருவே வேறு மாதிரி தெரிய ஆரம்பிக்கும். தீமின் பலமே இதுதான். விலை உயர்ந்த கேமரா வேண்டாம், தூர தேசம் போகவும் வேண்டாம். கொஞ்சம் நின்று பார்த்தால் போதும்.

இந்த யோசனை ஹேஷ்டேக்கைத் தாண்டியும் போயிருக்கிறது. நினைவுச்சின்னங்களைப் படமெடுத்து விக்கிமீடியா காமன்ஸில் ஏற்றும் ‘விக்கி லவ்ஸ் மான்யுமென்ட்ஸ்’ போட்டி 2010இல் நெதர்லாந்தில் தொடங்கியது. அடுத்த ஆண்டே ஐரோப்பா முழுக்கப் பரவி, 1.68 லட்சம் படங்களுடன் உலகின் மிகப்பெரிய புகைப்படப் போட்டி என கின்னஸில் இடம்பிடித்தது. காடுகள், பாதுகாக்கப்பட்ட இயற்கைப் பகுதிகளுக்கான ‘விக்கி லவ்ஸ் எர்த்’ 2013இல் உக்ரைனில் பிறந்தது.

இன்னொன்று, ‘சிட்டி நேச்சர் சேலஞ்ச்’. 2016இல் லாஸ் ஏஞ்சலஸ், சான் ஃபிரான்சிஸ்கோ என்ற இரண்டு நகரங்களுக்கு இடையிலான செல்லச் சண்டையாகத் தொடங்கி, 2018இல் உலகப் போட்டியானது. இந்திய நகரங்களும் கலந்துகொள்கின்றன. ஏப்ரல் கடைசியில், சில நாட்களுக்குள் தங்கள் ஊரில் பார்த்த செடி, பூச்சி, பறவைகளைப் படமெடுத்து ஐநேச்சுரலிஸ்ட் போன்ற தளங்களில் ஏற்ற வேண்டும். மொட்டை மாடித் தொட்டியில் உட்கார்ந்த பட்டாம்பூச்சியும் இங்கே ஒரு அறிவியல் பதிவுதான்.

படம் யாருக்குச் சொந்தம்?

இந்தியக் காப்புரிமைச் சட்டம், 1957இன்படி, ஒரு புகைப்படத்தின் படைப்பாளி அதை எடுத்தவர்தான். எடுத்தவரின் வாழ்நாள் முழுவதும், அவர் இறந்த அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகளுக்கும் காப்புரிமை உண்டு. இன்ஸ்டாகிராமில் போட்டாலும் இந்த உரிமை போய்விடாது. ஆனால் அந்தப் படத்தைக் கட்டணமின்றி, உலகம் முழுவதும் பயன்படுத்திக்கொள்ளும் அனுமதியை அந்த நிறுவனத்துக்கு நீங்கள் கொடுத்துவிடுகிறீர்கள். கணக்கு தொடங்கும்போது படிக்காமல் ‘ஓகே’ அழுத்தினோமே, அதில் இதுவும் இருக்கிறது.

விக்கிமீடியா போட்டிகளில் கதை வேறு. அங்கே படத்தைக் கிரியேட்டிவ் காமன்ஸ் போன்ற திறந்த உரிமத்தில்தான் ஏற்ற முடியும். பொதுவாகத் தேர்வு செய்யப்படும் உரிமத்தில், எடுத்தவரின் பெயரைச் சொல்லி யார் வேண்டுமானாலும் பயன்படுத்தலாம். பள்ளி மாணவரும் பயன்படுத்தலாம், காலண்டர் அச்சடித்து விற்பவரும் பயன்படுத்தலாம். ஒருமுறை கொடுத்த உரிமத்தைத் திரும்பப் பெற முடியாது. அறிவு எல்லோருக்கும் போய்ச் சேரட்டும் என்று தெரிந்தே கொடுத்தால் அது நல்ல காரியம். தெரியாமல் கொடுத்துவிட்டுப் பிறகு வருத்தப்படுவதில் பயனில்லை.

இடத்தைச் சொல்லலாமா?

போனில் லொகேஷன் ஆனில் இருந்தால், எடுக்கும் ஒவ்வொரு படத்துக்குள்ளும் அட்சரேகை, தீர்க்கரேகை பதிந்துவிடும். அறிவியலுக்கு இது பொக்கிஷம். எந்தப் பறவை எந்த மாதம் எங்கே இருந்தது என்று இதை வைத்துச் சொல்லிவிடலாம். அதே தகவல் திருடருக்கும் வழிகாட்டும்.

சீனா - வியட்நாம் எல்லைப் பகுதியில் வாழும் ஒரு வகைப் பல்லிக்கு நடந்தது இதற்குச் சரியான உதாரணம். 1999இல் விஞ்ஞானிகள் அதைப் புதிய இனமாக அறிவித்து, கண்டெடுத்த இடத்தையும் வெளியிட்டார்கள். செல்லப்பிராணிச் சந்தைக்காக வேட்டையாடப்பட்டு, சில ஆண்டுகளிலேயே அந்த இடத்தில் அது இல்லாமல் போனது. அதன் உறவினமான வேறு பல்லிகளைப் பிறகு கண்டுபிடித்தவர்கள், இடத்தின் பெயரை வெளியிடவே இல்லை.

நம்ம ஊர் தேவாங்கையே எடுத்துக்கொள்ளுங்கள். கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் 2022இல் இந்தியாவின் முதல் தேவாங்கு சரணாலயம் அறிவிக்கப்பட்டது. மூடநம்பிக்கைகளுக்காகவும் கள்ளச்சந்தைக்காகவும் பிடிக்கப்படும் விலங்கு இது. ‘இரவு’ என்ற தீமுக்கு ஒருவர் போடும் அழகான தேவாங்குப் படம், எந்த மரம் என்பது வரை சொல்லிவிட்டால் என்ன ஆகும்?

செடிகொடிகளும் தப்புவதில்லை. 2019 மார்ச்சில் கலிஃபோர்னியாவின் லேக் எல்சினோர் நகரம், செல்ஃபி எடுக்க வந்த கூட்டத்தில் திணறியது. மலைச்சரிவில் பூத்திருந்த பாப்பி மலர்கள் மிதிபட்டன, சாலையையே மூட வேண்டியதாயிற்று. அதற்கு முந்தைய ஆண்டு, வயோமிங்கின் ஜாக்சன் ஹோல் சுற்றுலா வாரியமே ‘துல்லியமான இடத்தை டேக் செய்யாதீர்கள்’ என்று பயணிகளிடம் கேட்டுக்கொண்டது.

லைக்குக்காக எதுவும் செய்யலாமா?

கூட்டை மறைக்கும் இலையை விலக்கினால் படம் தெளிவாக வரும். குஞ்சுகள் காகத்தின் கண்ணிலும் தெளிவாகப் படும். பல போட்டிகள் கூட்டில் இருக்கும் பறவைப் படங்களை ஏற்காததற்குக் காரணம் இதுதான்.

ஏமாற்றினாலும் மாட்டிக்கொள்ள வாய்ப்பு அதிகம். லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் 2017இல் பரிசளித்த ஒரு எறும்புண்ணிப் படம், 2018இல் தகுதி நீக்கம் செய்யப்பட்டது. படத்தில் இருந்தது பாடம் செய்யப்பட்ட விலங்காகவே இருக்க வேண்டும் என்று விசாரணையில் முடிவானது.

அப்லோடு செய்யும் முன்…

* அரிய உயிரினம் என்றால் மாவட்டம் அல்லது மலைத்தொடரின் பெயர் போதும். கூகுள் மேப் பின் வேண்டாம்.

* கேமரா செட்டிங்ஸில் லொகேஷனை ஆஃப் செய்யலாம். ஐபோனில் படத்தைப் பகிரும்போதே ‘ஆப்ஷன்ஸ்’ போய் லொகேஷனை நீக்கலாம். வாட்ஸ்அப்பில் படத்தை ‘டாகுமென்ட்’ ஆக அனுப்பினால் இடத் தகவலும் கூடவே போகும் என்பதை மறக்க வேண்டாம்.

* ஐநேச்சுரலிஸ்டில் இடத்தை மங்கலாக்கும் வசதி உண்டு. அழியும் நிலையில் உள்ள இனங்கள் பலவற்றுக்குத் தளமே அதைச் செய்துவிடும். ஆனால் படத்தின் பின்னணியில் ஊர்ப் பலகை தெரிந்தால் எந்த வசதியும் உதவாது.

* போட்டி விதிகளில் ‘உரிமம்’ என்ற பகுதியை மட்டுமாவது படியுங்கள். ‘எல்லா உரிமைகளும் ஏற்பாட்டாளருக்கே’ என்று இருந்தால், பரிசு அதற்குத் தகுந்ததா என்று யோசியுங்கள்.

* சரணாலயங்களில் படமெடுக்க வனத்துறை அனுமதி தேவைப்படலாம். முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

மாமல்லபுரம் கடற்கரைக் கோயிலை டேக் செய்வதால் அதற்கு எந்தக் கெடுதலும் இல்லை, தாராளமாகச் செய்யலாம். ஒரு மரப்பொந்தை டேக் செய்யும் முன்தான் பத்து விநாடி யோசிக்க வேண்டியிருக்கிறது. அடுத்த வாரத் தீம் எதுவாக இருந்தாலும், அந்தப் பத்து விநாடிக்கு நேரம் இருக்கும்.