வயிற்றுக்குப் பெல்ட்: இரைப்பைப் பட்டிகளின் வகைகள் பற்றி

"டொக்டர், வயித்துக்கு பெல்ட் போட்டா மெலியலாமாம், உண்மையா?" வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் குடும்ப வைத்தியம் பார்த்துவரும் எனக்கு இது பழகிப்போன கேள்வி. கேட்பவர்கள் பெரும்பாலும் நாற்பதைத் தாண்டிய, சீனி வருத்தமும் பிரஷரும் உள்ள நம் பெண்கள். லண்டனிலோ மெல்பேர்னிலோ இருக்கும் ராத்தாவோ மச்சியோ போட்டுக்கொண்டதாகக் கேள்விப்பட்டு வருவார்கள். விசாரித்துப் பார்த்தால், அந்த ராத்தாவுக்கு வைத்தது பட்டியல்ல, வாய் வழியாக இறக்கிய பலூன். அல்லது இரைப்பையின் பெரும்பகுதியை வெட்டி எடுத்து, மிச்சத்தைக் குழாய்போல் ஆக்கும் 'ஸ்லீவ்' சத்திரசிகிச்சை. மூன்றும் ஒன்றல்ல. பலூனைச் சில மாதங்களில் எடுத்துவிடுவார்கள். ஸ்லீவில் வெட்டியதைத் திரும்ப ஒட்ட ஏலாது. பட்டி இவை இரண்டுக்கும் நடுவில் நிற்பது: எதையும் வெட்டுவதில்லை, ஆனால் வருடக்கணக்கில் உடம்புக்குள் இருக்கும்.

வெட்டாமல் வழியை மட்டும் ஒடுக்கும் யோசனை பழையது. கி.பி. 958 இல் லியோன் நாட்டு மன்னன் சாஞ்சோ அளவுமீறிப் பருத்ததால் அரியணையை இழந்தான். அவனுடைய பாட்டி, நவார் நாட்டு அரசி தோதா, கொர்தோபாவின் கலீஃபா மூன்றாம் அப்துர் ரஹ்மானிடம் உதவி கேட்டார். கலீஃபாவின் அவையிலிருந்த யூத வைத்தியர் ஹஸ்தாய் இப்னு ஷப்ரூத் மன்னனை மெலிய வைத்தார். வாயைத் தைத்துத் திரவ உணவு மட்டும் கொடுத்தாராம். இந்தத் தையல் சங்கதி பின்னால் சேர்ந்த கதை என்றே எனக்குப் படுகிறது. மெலிந்த மன்னன் முஸ்லிம் படையின் துணையோடு அரியணையை மீட்டான் என்பது மட்டும் வரலாறு.

இன்றைய பட்டிகளுக்கு வருவோம். முதல் வகை, இறுக்கத்தை மாற்ற முடியாத நிலைப்பட்டி. 1978 இல் வில்கின்சன், பெலோசோ என்ற இருவர் இரைப்பையின் மேற்பகுதியைச் சுற்றி ஒரு வலைத்துணிப் பட்டையைக் கட்டினார்கள். அமெரிக்காவின் எட்வர்ட் மேசன் 1980 அளவில் இன்னொரு வழி கண்டார்: இரைப்பையின் மேல்புறத்தில் ஸ்டேப்பிள் அடித்துச் சிறு பையாக்கி, அதன் வாயில் ஒரு பட்டையை வைத்தார். இவற்றின் குறை வெளிப்படையானது. இறுகிவிட்டால் வாந்தி, தளர்ந்தால் பயனில்லை. இரண்டுக்கும் மறுபடி வயிற்றைத் திறப்பதே வழி. இப்போது யாராவது உங்களுக்கு இதைச் சிபாரிசு செய்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

இரண்டாவது, கூட்டிக் குறைக்கக்கூடிய பட்டி. சுவீடனில் ஹால்பெர்கும் ஃபோர்செலும், அமெரிக்காவில் உக்ரேனில் பிறந்த லுபோமிர் குஸ்மாக்கும் 1980களின் நடுப்பகுதியில் தனித்தனியே இதை உருவாக்கினார்கள். சிலிக்கோன் வளையம், அதன் உட்புறம் சைக்கிள் டியூப் போல ஊதக்கூடியது. அதிலிருந்து ஒரு மெல்லிய குழாய் வயிற்றுத் தோலுக்கடியில் தைத்த சிறு கிண்ணத்துக்கு வரும். அதை 'போர்ட்' என்பார்கள். தோல் வழியாக ஊசி குத்தி உப்புநீர் ஏற்றினால் வளையம் இறுகும், இழுத்தெடுத்தால் தளரும். 1993 இல், எதியோப்பியாவில் பிறந்து பெல்ஜியத்தில் பணிபுரிந்த மிதிக்கு பெலாச்சூ இதைக் கமெரா வழியே சிறு துளைகளால் வைத்துக் காட்டினார். அதன்பிறகுதான் உலகெங்கும் பரவியது. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 'லாப்-பேண்ட்'டை 2001 இலும், சுவீடன் பட்டியின் வழிவந்த 'ரியலைஸ்'ஸை 2007 இலும் அனுமதித்தது.

இந்த வகைக்குள்ளும் ஒரு பிரிவு உண்டு. ஆரம்பகால லாப்-பேண்ட் ஒடுக்கமானது, சுமார் 4 மில்லிலீற்றர்தான் கொள்ளும். சிறிது ஏற்றினாலே அழுத்தம் சட்டென்று கூடும். சுவீடன் பட்டி அகலமானது, மென்மையானது, கூடுதல் நீரைக் குறைந்த அழுத்தத்தில் தாங்கும். பிறகு லாப்-பேண்ட்டும் அந்தப் பக்கமே சாய்ந்தது: அதன் 'ஏபி' வடிவம் அளவைப் பொறுத்து 10 அல்லது 14 மில்லிலீற்றர் கொள்ளும். எது சிறந்தது என்று கேட்பார்கள். என் எண்ணத்தில், பட்டியின் பெயரைவிட, அதை வைப்பவரின் கையும் பிறகு நீர் ஏற்றி இறக்குபவரின் பொறுமையும்தான் முக்கியம்.

மூன்றாவது, பைபாஸ் அல்லது ஸ்லீவ் செய்யும்போது, பின்னாளில் பை விரியாமலிருக்கச் சேர்த்துப் போடும் வளையம். அது துணைக்கு வருவது, தனிச் சிகிச்சையல்ல.

பட்டி, சாப்பாட்டை அடைத்து நிறுத்தும் கதவு என்பது பரவலான தவறான எண்ணம். நன்றாக மென்ற ஒரு வாய் உணவு ஒரு நிமிடத்துக்குள் பட்டியைத் தாண்டிவிட வேண்டும். தாண்டும்போது அங்குள்ள நரம்புகள் அழுந்தி, "போதும்" என்ற செய்தி மூளைக்குப் போகிறது. வயிற்றின் மூன்றிலொரு பங்கு பற்றிய நபிமொழி நமக்கெல்லாம் மனப்பாடம். பட்டி செய்ய முயல்வது அந்த இடத்தில் நிறுத்தச் சொல்லும் உணர்வை எழுப்புவதைத்தான். ஆகவே மெதுவாகச் சாப்பிட வேண்டும். இங்கேதான் நம்முடைய சஹன் சாப்பாடு இடிக்கிறது. ஆறுபேர் ஒரு தாலத்தைச் சுற்றி இருக்கையில், எவ்வளவு தின்றோம் என்று தெரியாது. மற்றவர்களின் வேகத்துக்கு நம் கையும் ஓடும். பட்டி உள்ளவர் கலியாண வீட்டில் தனித் தட்டுக் கேட்க வெட்கப்படக் கூடாது. அதேநேரம் வட்டிலப்பமும் பலூதாவும் பட்டியை வழுக்கிக்கொண்டு போய்விடும். இனிப்புப் பிரியருக்குப் பட்டி சரிவராது என்று பல சத்திரசிகிச்சையாளர்கள் நினைப்பதற்குக் காரணம் அது.

பலன் எப்படி? மெல்பேர்னில் போல் ஓ'பிரையன் குழு 2013 இல் வெளியிட்ட முடிவின்படி, 15 வருடங்களின் பின்னும் நோயாளிகள் தம் மேலதிக எடையில் சராசரியாக 47 வீதத்தைக் குறைத்து வைத்திருந்தனர். ஆனால் பிரசெல்ஸில் 2011 இல் வெளிவந்த ஆய்வில், 12 வருடங்களுக்கு மேல் கடந்தபோது ஏறத்தாழ பாதிப்பேரின் பட்டி அகற்றப்பட்டிருந்தது. இரண்டும் நேர்மையான ஆய்வுகளே. மெல்பேர்னில் நோயாளிகளைத் தொடர்ந்து அழைத்துப் பார்க்கும் ஏற்பாடு இருந்தது. என் கணிப்பில் வித்தியாசத்தின் பெரும்பகுதி அதுதான். பட்டி வழுக்கி இறங்கலாம், இரைப்பைச் சுவரை அரித்து உள்ளே போகலாம், மேற்பை வீங்கலாம், குழாய் கசியலாம். இரவில் இருமலும் நெஞ்செரிவும் தொடங்கினால் பட்டி அதிகம் இறுகிவிட்டது என்று சந்தேகியுங்கள். தண்ணீர்கூட இறங்காமல் வாந்தி வந்தால், அல்லது வயிறு கடுமையாக வலித்தால், காலைவரை பொறுக்காமல் வைத்தியசாலைக்குப் போக வேண்டும்.

இதனால்தான் உலகம் ஸ்லீவ் பக்கம் திரும்பியது. 2011 இல் அமெரிக்காவின் எடைக்குறைப்புச் சத்திரசிகிச்சைகளில் மூன்றிலொன்று பட்டி. சில வருடங்களில் அது நூற்றில் ஒன்றளவுக்கு இறங்கியது. புதிதாகப் பட்டி வைக்க ஒருவரை நான் இப்போது அனுப்பமாட்டேன். 2005-06 இல் வடகிழக்கு நீங்கலான ஏழு மாகாணங்களில் நடந்த ஆய்விலேயே, நம் நாட்டு வளர்ந்தோரில் ஐவரில் ஒருவருக்கு நீரிழிவோ அதன் முன்நிலையோ இருந்தது. பிஎம்ஐ 27.5 அல்லது அதற்கு மேலுள்ள ஆசியருக்குச் சத்திரசிகிச்சை பற்றி யோசிக்கலாம் என 2022 இன் சர்வதேச வழிகாட்டல் சொல்கிறது. அப்படிப்பட்டவர் கொழும்பிலேயே ஸ்லீவ், பைபாஸ் பற்றி விசாரிக்கலாம்.

ஏற்கெனவே பட்டியோடு ஊர் திரும்பியவர்கள் நோன்பைப் பற்றிக் கேட்கிறார்கள். சத்திரசிகிச்சை முடிந்த முதல் ஒரு வருடமாவது நோன்பைத் தவிர்க்கச் சொல்வது வழக்கம். நீரிழிவு மருந்து எடுப்பவர் அதற்குப் பிறகும் வைத்தியரிடம் கேட்க வேண்டும். இஃப்தாருக்கு மடக்மடக்கென்று குடிக்க ஏலாது. கஞ்சியைச் சிறு சிறு மிடறாக, ஈச்சம்பழத்தைக் கூழாகும்வரை மென்று; ரோல்ஸும் இறைச்சித் துண்டும் சிக்கும். போர்ட்டில் ஊசி போட்டால் நோன்பு முறியுமா? தீர்ப்புச் சொல்ல வேண்டியவர்கள் உலமாக்கள். வைத்திய உண்மை இவ்வளவே: அந்த உப்புநீர் இரைப்பைக்கோ இரத்தத்துக்கோ போவதில்லை, மூடிய வளையத்துக்குள்ளேயே நிற்கிறது. ஆனாலும் ஷஃபானிலேயே அளவைச் சரிபார்த்துக்கொள்வது லேசு. கர்ப்பமானால் உடனே சொல்லுங்கள். வாந்தி கடுமையாக இருந்தால் நீரை இறக்கிவிடலாம்.

கடைசியாக ஒன்று. பட்டியின் பெயர், அளவு, கடைசியாக ஏற்றிய நீரின் அளவு எழுதிய அட்டையைக் கைவசம் வையுங்கள். லாப்-பேண்ட் பல கம்பனிகளின் கைமாறிவிட்டது. ரியலைஸ் விற்பனையிலேயே இல்லை. போர்ட்டில் சாதாரண ஊசியைக் குத்தவும் விடாதீர்கள். அது சிலிக்கோனைத் துளைத்து நீர் கசிய வைக்கும். இதற்கென்றுள்ளது ஹியூபர் ஊசி. போகுமுன் அது அங்கே இருக்கிறதா என்று போனில் கேட்டுவிட்டே போங்கள்.