ஒரு பருவத்தின் ஓட்டக் கணக்கு

2022ஆம் ஆண்டு நவம்பர் 21ஆம் நாள் மாலை. கோவையில் நான் வழக்கமாகத் தேநீர் அருந்தும் கடைக்கு ஒரு செய்தி வந்து சேர்ந்தது. நம் ஊரில் பிறந்த நாராயண் ஜெகதீசன் பெங்களூரில் 277 ஓட்டங்கள் குவித்துவிட்டார் என்பதே அது. அங்கிருந்தோர் அனைவரும் மகிழ்ந்தனர். அடுத்த மளிகைக் கடைக்காரர் மட்டும் சற்றுப் பொறுத்து, "எதிர்த்து ஆடுனது அருணாசலப் பிரதேசந்தானுங்களே?" என்று கேட்டார். எவரும் விடை கூறவில்லை. எனக்கும் அன்று விடை தோன்றவில்லை.

முதலில் நிகழ்ந்ததைச் சொல்லிவிடுகிறேன். அது விஜய் ஹசாரே கோப்பைக்கான ஐம்பது ஓவர் ஆட்டம். ஜெகதீசன் சந்தித்த பந்துகள் 141. அவற்றுள் 25 நான்குகள், 15 ஆறுகள். ஒருநாள் ஆட்டங்களில் தனியொருவர் எடுத்த மிகுதியான ஓட்டம், 2002இல் சர்ரே அணியின் அலிஸ்டர் பிரவுன் எடுத்த 268 ஆக இருந்தது. அது அன்று பின்தங்கியது. சாய் சுதர்சன் 154 எடுக்க, முதல் விக்கெட்டுக்கு இருவரும் சேர்த்தவை 416. தமிழ்நாடு இரண்டே விக்கெட் இழந்து 506 எடுத்தது. எதிரணி 71க்கு அடங்கிற்று.

ஆயினும் நான் வியப்பது இந்த ஒரு நாளை அன்று. இதற்கு முன் அதே திங்களில் ஆந்திரம், சத்தீஸ்கர், கோவா, அரியானா ஆகிய அணிகளுக்கு எதிராக அவர் அடுத்தடுத்து எடுத்தவை 114, 107, 168, 128. ஒருநாள் ஆட்டங்களில் தொடர்ந்து ஐந்து சதங்கள் அடித்த முதல் ஆடவர் அவரே. சங்கக்காரா போன்றோர் நான்கோடு நின்றவர்கள். இத்தனைக்கும், அந்தத் திங்களின் நடுவில்தான் ஐ.பி.எல். போட்டியின் சென்னை அணி அவரைத் தன் பட்டியலிலிருந்து விடுவித்திருந்தது.

மளிகைக் கடைக்காரர் எழுப்பிய ஐயம் நமக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்கர்கள் தங்கள் பேஸ்பால் ஆட்டத்தைப் பற்றி நெடுங்காலமாக இதையே விவாதித்து வருகின்றனர். அவ்வாட்டத்தில் அடித்த பந்து திடலின் வேலியைக் கடந்து பறந்தால் அதற்கு 'ஹோம் ரன்' என்று பெயர். நம் சிக்ஸருக்கு அண்ணன் முறை எனலாம். 1927ஆம் ஆண்டுப் பருவத்தில் பேப் ரூத் என்பார் 60 ஹோம் ரன்கள் அடித்தார். 34 ஆண்டுகள் எவரும் அதனை எட்டவில்லை. 1961இல் ரோஜர் மாரிஸ் 61 அடித்தபோது, மக்கள் பாராட்டுவதற்குப் பதில் கணக்குப் பார்த்தனர். ரூத் காலத்துப் பருவத்தில் 154 ஆட்டங்கள், மாரிஸுக்கோ 162. முதல் 154 ஆட்டங்களில் மாரிஸ் அடித்தவை 59தான்!

சரி, ரூத்தின் 60 மாசற்றதா? அவர் ஆடிய காலத்தில் கறுப்பின ஆட்டக்காரர்களுக்குப் பெரிய லீக்குகளில் இடமே இல்லை. 1947இல் ஜாக்கி ராபின்சன் வந்த பிறகே அக்கதவு திறந்தது. ஆகவே, தம் காலத்தின் சிறந்த பந்தெறிவோர் சிலரை ரூத் அப்பருவத்தில் சந்திக்கவே இல்லை என்பது உறுதி. 1998இல் மார்க் மெக்வயர் அடித்த 70இன் கதை வேறு. தாம் ஊக்கமருந்து உட்கொண்டதை 2010இல் அவரே ஒப்புக்கொண்டார். எதிரியின் வலிமை குறைவாக இருப்பது ஆட்டக்காரரின் குற்றமாகாது. மருந்து உண்பது குற்றம். இவ்விரண்டையும் ஒரே தட்டில் வைத்து நிறுக்கக் கூடாது என்பது என் கருத்து.

நம் மாநிலத்திலேயே இதற்கு முன்னோடி ஒன்று உண்டு. 1988-89ஆம் ஆண்டு ரஞ்சிப் பருவத்தில் டபிள்யூ. வி. ராமன் 1018 ஓட்டங்கள் எடுத்து, 1944-45இல் ரூசி மோடி எடுத்த 1008ஐக் கடந்தார். அந்த 1018இல் 313 ஓட்டங்கள் கோவாவுக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் கிடைத்தவை. அர்ஜன் கிருபால் சிங்கும் அதே இன்னிங்ஸில் 302 எடுத்து ஆட்டமிழக்காமல் நின்றார். கோவா அப்போது ரஞ்சிக்குள் வந்து சில ஆண்டுகளே ஆன அணி. அன்றும் யாரேனும் ஒருவர், "கோவாதானே?" என்று கேட்டிருப்பார்.

இனி நாமே கணக்கிட்டுப் பார்ப்போம். 2022-23 விஜய் ஹசாரே பருவத்தில் ஜெகதீசன் எடுத்தவை மொத்தம் 830, ஆட்டமிழந்தது ஆறு முறை, சராசரி 138.33. மளிகைக் கடைக்காரரின் பொருட்டு அந்த 277ஐ அடியோடு நீக்கிவிடுங்கள். எஞ்சுவன 553 ஓட்டங்கள், ஐந்து ஆட்டமிழப்புகள். சராசரி 110க்கு மேல். முதன்மையான இலையை எடுத்துவிட்டாலும் பந்தி குறையவில்லை! 277ஐவிட அரியானாவுக்கு எதிரான 128ஐயே நான் உயர்வாக மதிப்பேன். 2025 டிசம்பரில் பீகார் அணி 574 எடுத்து 506ஐ முந்தியது; அங்கும் எதிரணி அருணாசலமே.

இக்கணக்கை மளிகைக் கடைக்காரரிடம் ஒரு தாளில் எழுதிக் காட்டினேன். தலையசைத்து ஏற்றுக்கொண்டார். 2024 ஜனவரியில் கோவையிலேயே நடந்த ரஞ்சி ஆட்டத்தில் ஜெகதீசன் 321 எடுத்தபோது மறுபடியும் என்னைப் பிடித்துக்கொண்டார். "சண்டிகர் புது அணிதானுங்களே?"

"முந்தின ஆட்டத்துல ரயில்வே அணிக்கு எதிரா 245 அடிச்சு அவுட்டாகாம நின்னாருங்க. ரயில்வே பழைய அணிதானுங்களே?" என்றேன்.

"அப்படிங்களா?" என்று கேட்டுவிட்டு, அவர் துவரம்பருப்பை நிறுக்கத் தொடங்கினார்.